பெரிய கப்பலை யார் சுமக்கிறார்கள்?

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்கு ஒரு வசதி இருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் எது இறங்குகிறது, எது ஏறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. குதிரை, மிளகு மூட்டை, முத்து, பவளம், சந்தனம், அகில், ஈழத்து உணவு, கடாரத்துப் பொருள் என்று அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். சுங்கக்காரர்கள் மூட்டைகளின் மேல் சோழனின் புலி முத்திரை இடுவதைக்கூடச் சொல்லிவிடுகிறார்.

அதே புலவரை இன்று சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்துக்கு அழைத்துப் போனால் எதைப் பாடுவார்? சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, பச்சைப் பெட்டி. அவ்வளவுதான். உள்ளே இருப்பது இட்லி அரிசியா, டயரா, அமிலமா என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது. பெட்டியைத் தூக்கும் கிரேன் ஓட்டுநருக்கும் தெரியாது. நவீனத் துறைமுகத்தின் வெற்றியே இதில்தான் இருக்கிறது: உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் அறியாமலேயே சரக்கு உலகைச் சுற்றி வந்துவிடும்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இந்த வெற்றி அன்றாட வாழ்க்கை. டொராண்டோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தால் கண்ணில் படும் அரிசி மூட்டை, நல்லெண்ணெய், உறைய வைத்த முருங்கைக்காய், வெட் கிரைண்டர் எல்லாம் ஒரு கொள்கலனுக்குள் கடல் கடந்து வந்தவை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் சோனா மசூரிக்கு வரிசை நின்றதே, அன்றுதான் பலருக்கு அந்த மூட்டை எங்கிருந்து வருகிறது என்ற நினைப்பே வந்தது. மற்ற நாட்களில் அது தானாக வந்துவிடுகிறது. அதுவும் நம்ப முடியாத அளவு குறைந்த செலவில்.

அந்தக் குறைந்த செலவு எப்படிச் சாத்தியமானது, குறைந்துபோன செலவு உண்மையில் எங்கே போயிற்று என்ற இரண்டு கேள்விகளைப் பற்றியது இந்தக் கட்டுரை.

பெட்டி செய்த வேலை

1956 ஏப்ரல் 26. அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து எண்ணெய்க் கப்பலை மாற்றியமைத்தது அது. அதன் மேல்தளத்தில் 58 அலுமினியப் பெட்டிகள் இருந்தன. அவை சக்கரம் கழற்றிய லாரியின் உடல்கள்தாம். அனுப்பியவர் மால்கம் மெக்லீன். கப்பல்காரர் அல்லர், வட கரோலினாவில் லாரி நிறுவனம் நடத்தியவர்.

அதுவரை கப்பலில் சரக்கு ஏற்றுவது என்றால் மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக, மனித முதுகிலும் வலையிலும் ஏற்றுவதுதான். ஒரு கப்பல் துறைமுகத்தில் ஒரு வாரம் நிற்பது சாதாரணம். ஏற்றும்போது உடைவதும் இறக்கும்போது காணாமல் போவதும் அதைவிடச் சாதாரணம். அன்றைய கணக்குப்படி, உதிரிச் சரக்கை ஒரு கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 83 சென்ட் செலவானது. ஐடியல் எக்ஸில் அதே டன்னுக்கு ஆனது 15.8 சென்ட்.

பெட்டி என்பது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. எல்லாருடைய பெட்டியும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று உலகம் ஒத்துக்கொண்டதுதான் பெரிய விஷயம். 1960-களில் நீண்ட பேச்சுவார்த்தைகளுக்குப் பிறகு அது நடந்தது. அகலம் 8 அடி, நீளம் 20 அடி அல்லது 40 அடி. எட்டு மூலைகளிலும் ஒரே மாதிரி துளையுள்ள வார்ப்பு எஃகுக் கட்டிகள். ஒரு பெட்டியின் மேல் இன்னொன்றை வைத்து, இடையில் ஒரு திருகுப் பூட்டை நுழைத்துத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதே துளையில்தான் கிரேனும் பிடிக்கிறது, லாரியும் பிடிக்கிறது, ரயிலும் பிடிக்கிறது. மெக்லீனின் நிறுவனம் இந்த மூலைப் பொருத்தத்தின் காப்புரிமையைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது. கொடுக்காமல் இருந்திருந்தால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு கிரேன் என்று இன்றும் இழுத்துக்கொண்டிருந்திருப்போம்.

இதில் வாழ்ந்தவர்களும் உண்டு, வீழ்ந்தவர்களும் உண்டு. லண்டன் நகருக்குள் தேம்ஸ் கரையில் இருந்த கப்பல் துறைகள் 1967-இல் தொடங்கி 1981-க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெட்டி அடுக்கப் பரந்த நிலம் வேண்டும், ஆழமான நீர் வேண்டும். நகரின் நடுவில் இரண்டும் இல்லை. அந்த வணிகத்தில் பெரும்பங்கு ஃபீலிக்ஸ்டோவுக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக மூட்டை தூக்கிய குடும்பங்களுக்கு வேலை போனது. அந்தத் துறைகள் இருந்த இடத்தில் இன்று கேனரி வார்ஃபின் வங்கிக் கோபுரங்கள் நிற்கின்றன. அங்கே வேலைக்குப் போகும் தமிழர்கள் பலர். நியூயார்க்கின் மன்ஹாட்டன், புரூக்ளின் துறைகள் நியூஜெர்சிக்கும், சான் பிரான்சிஸ்கோவின் துறை ஓக்லாந்துக்கும் தோற்றது இதே கதைதான்.

ஏன் இவ்வளவு பெரிது?

கொள்கலன் கப்பலை அளக்கும் அலகு டி.இ.யு. ஒரு இருபதடிப் பெட்டி என்றால் ஒரு டி.இ.யு., நாற்பதடிப் பெட்டி என்றால் இரண்டு. 2006-இல் வந்த 'எம்மா மேர்ஸ்க்' 397 மீட்டர் நீளத்துடன் உலகை வியக்க வைத்தது. 2013-இல் 18,000, 2017-இல் 21,000 என்று கொள்ளளவு ஏறி, 2023-இல் வந்த 'எம்.எஸ்.சி. இரினா' 24,346 டி.இ.யு. என்ற இடத்தில் நிற்கிறது. அத்தனை இருபதடிப் பெட்டிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் வைத்தால் ஏறத்தாழ 148 கிலோமீட்டர் வரும். சென்னையிலிருந்து புதுச்சேரி வரை இடைவெளியில்லாமல் நிற்கும் பெட்டி வரிசை ஒரே கப்பலில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நடத்திச் செல்பவர்கள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

பெரிதாக்குவதன் பின்னால் எளிய வடிவியல் இருக்கிறது. ஒரு கப்பலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் உள்ளே இருக்கும் இடம் எட்டு மடங்காகும். தண்ணீரோடு உரசும் மேற்பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். எரிபொருள் செலவு பெரும்பாலும் அந்த உரசலோடு போராடுவதில்தான் போகிறது. ஆகவே கப்பல் பெரிதாகப் பெரிதாக ஒரு பெட்டிக்கு ஆகும் எண்ணெய் குறைகிறது. மாலுமிகளின் எண்ணிக்கையும் கப்பலோடு சேர்ந்து வளர்வதில்லை.

இந்த வளர்ச்சிக்கு எல்லை போட்டது பெரும்பாலும் நிலம். பனாமா கால்வாயின் பழைய அடைப்புகளில் 32.3 மீட்டர் அகலத்துக்கு மேல் கப்பல் நுழையாது. அதனால் பல ஆண்டுகள் கப்பல்கள் அந்த அகலத்தோடு நின்றன. பிறகு கப்பல் நிறுவனங்கள் பனாமாவை மறந்துவிட்டு, அடைப்புகளே இல்லாத சூயஸ் வழிக்கென்று அகலமான கப்பல்களைக் கட்டத் தொடங்கின. பனாமாவும் 2016-இல் புதிய பெரிய அடைப்புகளைத் திறந்தது. கடந்த பல ஆண்டுகளாகக் கப்பலின் நீளம் 400 மீட்டரிலேயே நிற்கிறது. கூடியது அகலம். இரினாவின் அகலம் 61 மீட்டர். குறுக்காக 24 பெட்டிகள் வைக்கலாம். அந்த இருபத்து நான்காவது வரிசையை எட்ட வேண்டுமானால் கரையில் நிற்கும் கிரேனின் கை நீள வேண்டும். கப்பலைக் கட்டியவர் ஒருவர், கிரேனை வாங்க வேண்டியவர் வேறொருவர். இந்த இடத்தைக் கொஞ்சம் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கரையில் ஒரு நாள்

பெருங்கப்பல் கடலில் ஓடும்போதுதான் சம்பாதிக்கிறது. கரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம். ஆனால் பெரிய கப்பல் என்றால் அதிகப் பெட்டி. அதிகப் பெட்டி என்றால் அதிக நேரம் கரையில். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதுதான் நவீனத் துறைமுகத்தின் முழுநேர வேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கப்பலில் 5,000 பெட்டிகளை இறக்கி ஏற்ற வேண்டும். நன்றாக ஓடும் ஒரு கிரேன் மணிக்கு 25 முதல் 30 பெட்டிகளைக் கையாளும். ஆறு கிரேன்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தால் மணிக்குச் சுமார் 165 பெட்டி. ஆக, முப்பது மணி நேரம். ஒரு கிரேன் பழுதாகி நின்றால் இன்னும் ஆறு மணி நேரம் கூடும். நான்கு மடங்கு பெரிய கப்பலுக்கு நான்கு மடங்கு கிரேன் போடவும் முடியாது. 400 மீட்டருக்குள் பக்கத்தில் பக்கத்தில் எத்தனை கிரேன் நிற்கும்?

எந்தப் பெட்டி எங்கே என்பதும் தற்செயல் இல்லை. கனமானது கீழே, இலேசானது மேலே. அடுத்த துறைமுகத்தில் இறங்க வேண்டியது மேலே, கடைசித் துறைமுகத்துக்கானது அடியில். குளிர்பெட்டிகளுக்கு மின்சார இணைப்பு உள்ள இடம். தீப்பற்றக்கூடியவை ஒன்றுக்கொன்று தள்ளி. இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றி, கப்பலும் ஒருபக்கம் சாயாமல் இருக்க வேண்டும். இந்தத் திட்டம் கப்பல் வருவதற்கு முன்பே கரையில் உள்ள கணினிகளில் தயாராகிவிடுகிறது. ஆனால் அது பெட்டிக்காரர் சொன்ன எடையை நம்பித்தான் போடப்படுகிறது. சொன்ன எடை வேறு, இருக்கும் எடை வேறு என்ற தொல்லை நெடுங்காலம் இருந்ததால்தான் 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற பன்னாட்டு விதி நடைமுறைக்கு வந்தது.

இந்த வேலையில் சிங்கப்பூர் எப்படி முன்னுக்கு வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1960-களின் நடுவில், எந்தக் கப்பல் நிறுவனமும் நிச்சயமாக வருவேன் என்று உறுதி சொல்லாத நேரத்திலேயே, உலக வங்கிக் கடனோடு தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் கட்ட அந்தச் சிறு நாடு துணிந்தது. 1972 ஜூன் 23 அன்று 'நிஹோன்' என்ற முதல் கொள்கலன் கப்பல் அங்கே வந்து கட்டியது. மூட்டை தூக்கும் காலத்தில் அந்தத் துறைமுகத்தில் உழைத்தவர்களில் தமிழர் ஏராளம். அவர்களுடைய முதுகு செய்த வேலையைக் கிரேன் எடுத்துக்கொண்டது.

2024-இல் சிங்கப்பூர் கையாண்டது 4 கோடியே 11 லட்சம் டி.இ.யு. ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். அதைவிடப் பெரியது ஷாங்காய் மட்டுமே. அதே ஆண்டு அது 5 கோடியைத் தாண்டியது. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஷாங்காயின் பின்னால் சீனாவின் தொழிற்சாலைகள் இருக்கின்றன. சிங்கப்பூருக்கு வரும் பெட்டிகளில் மிகப் பெரும்பான்மை சிங்கப்பூருக்கு உரியவையே அல்ல. ஒரு கப்பலிலிருந்து இறங்கி, முற்றத்தில் சில நாள் காத்திருந்து, இன்னொரு கப்பலில் ஏறிப் போய்விடும். இறங்கும்போது ஒரு முறை, ஏறும்போது ஒரு முறை என்று கணக்கிலும் அவை இரண்டு தடவை வரும். எழும்பூர் சந்திப்பில் ரயில் மாறுகிற பயணி மாதிரி.

இந்த மாற்றி ஏற்றும் முறைதான் பெருங்கப்பலை வாழவைக்கிறது. 24,000 பெட்டிக் கப்பல் தூத்துக்குடிக்கு வராது. திருப்பூர் பனியன் ஏற்றிய பெட்டி தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் எனப்படும் சிறு கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பாவுக்குப் போவது நெடுநாள் வழக்கம். கொழும்பில் இப்படி மாறும் பெட்டிகளில் பெரும்பகுதி இந்தியாவைச் சேர்ந்தது. அந்த வருமானத்தில் பங்கு கேட்டுத்தான் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் இயற்கையாகவே ஆழமான கடலோரத்தில் புதுத் துறைமுகம் எழுந்தது. 2025 மே 2 அன்று அது முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அடுத்த மாதமே இரினா அங்கே வந்து நின்றது.

கணக்கில் வராத செலவு

இப்போது மனத்தில் குறித்துவைத்த இடத்துக்கு வருவோம். கப்பல் நிறுவனம் பெரிய கப்பலைக் கட்டி, ஒரு பெட்டிக்கான செலவைக் குறைக்கிறது. அந்தக் கப்பல் தங்களிடம் வராமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் துறைமுகங்கள் ஆழத்தைத் தோண்டுகின்றன, கரையைப் பலப்படுத்துகின்றன, நீண்ட கை கொண்ட கிரேன் வாங்குகின்றன. இந்தப் பணத்தில் பெரும்பகுதி பொதுப்பணம்.

நியூஜெர்சிக்கும் ஸ்டேட்டன் தீவுக்கும் இடையே 1931-இல் திறந்த பேயோன் பாலம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. நியூவார்க் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் அதன் அடியில்தான் போக வேண்டும். நீருக்கும் பாலத்துக்கும் இடையே 151 அடி இடைவெளி. பனாமாவின் புதிய அடைப்புகள் வழியாக வரப்போகும் உயரமான கப்பல்களுக்கு அது போதாது. அதனால் சாலையையே 215 அடிக்கு உயர்த்தினார்கள். வேலை நடக்கும்போது பழைய சாலையில் வண்டிகளும் ஓடின. 2017-இல் கப்பல்களுக்கு வழி திறந்தது. செலவு 150 கோடி டாலருக்கு மேல். பாலம் கட்டிய துறைமுக ஆணையத்தின் பணம் எங்கிருந்து வருகிறது? அந்தப் பகுதியில் பாலச் சுங்கம் கட்டுகிறவர்களும் அதில் ஒரு பங்கு தருகிறார்கள்.

துவாஸ் இன்னொரு எடுத்துக்காட்டு. சிங்கப்பூர் தன் நகர முனையங்களை எல்லாம் படிப்படியாக மூடும் திட்டத்தோடு, தீவின் மேற்கு மூலையில் கடலைத் தூர்த்து ஒரே துறைமுகம் கட்டுகிறது. பத்து மாடி உயரம், அதாவது 28 மீட்டர் உள்ள கான்கிரீட் பெட்டகங்களைக் கடலில் இறக்கி அணைகட்டி நிலம் ஆக்கினார்கள். முதல் கட்டத்துக்கு மட்டும் 221 பெட்டகங்கள். ஓட்டுநர் இல்லாத மின்வண்டிகள் பெட்டிகளைச் சுமக்கின்றன. 2040-களில் முழுமை பெறும்போது ஆண்டுக்கு ஆறரைக் கோடி டி.இ.யு. கையாளும். பணமும் திட்டமும் உள்ள நாடு என்பதால் இதைச் செய்கிறது. எல்லாத் துறைமுகத்தாலும் முடியுமா?

2015-இல் பன்னாட்டுப் போக்குவரத்து மன்றம் பெருங்கப்பல்களைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. கப்பல் வளர வளர மிச்சமாகும் தொகை சுருங்கிக்கொண்டே வருகிறது என்றும், புதிய கப்பல்களில் தெரியும் மிச்சத்தில் பாதிக்கும் மேல் அளவினால் வந்தது அல்ல, குறைந்த வேகத்துக்கேற்ற இயந்திரங்களால் வந்தது என்றும் அது சொன்னது. ஆனால் கரையில் செலவு ஏறிக்கொண்டே போகிறது. கல்யாண மண்டபத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஆயிரம் பேர் சாப்பிட வேண்டும் என்று சமையலறை கட்டினால், மீதி நேரம் அந்த அடுப்புகள் சும்மா கிடக்கும் அல்லவா? பெருங்கப்பல் வரும் துறைமுகமும் அப்படித்தான். ஒரே நாளில் பல ஆயிரம் பெட்டி வந்து குவியும், லாரிகள் வாசலில் வரிசை கட்டும். மறுநாள் கிரேன்கள் சும்மா நிற்கும்.

நேரம் பிசகினால் இன்னும் மோசம். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் 2023 இறுதி முதல் பெரும்பாலான கொள்கலன் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாள் அளவுக்கு நீண்டது. அட்டவணை குலைந்து, கப்பல்கள் கூட்டம் கூட்டமாகச் சிங்கப்பூரை வந்தடைந்தன. 2024 நடுவில், மூடிக்கொண்டிருந்த கெப்பல் முனையத்தின் பழைய நிறுத்துமிடங்களையும் முற்றங்களையும் மீண்டும் திறக்க வேண்டி வந்தது. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பெரியவரை, திருவிழாக் கூட்டத்துக்குத் திரும்பக் கூப்பிட்ட கதை.

தவறு நடந்தால்

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' குறுக்கே மாட்டிக்கொண்டதை எல்லாரும் பார்த்தோம், சிரித்தோம். 400 மீட்டர் நீளக் கப்பல். மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். மார்ச் 29 அன்று கப்பல் மிதந்தது. ஆனால் இழப்பீட்டுப் பேச்சு முடியும் வரை, அதாவது ஜூலை 7 வரை, கப்பலை எகிப்து விடவில்லை. அதைவிட நமக்கு முக்கியமான ஒன்று பலருக்குத் தெரியாது. கப்பல் உரிமையாளர் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். ரோமானியர் காலத்திலிருந்து வரும் கடல் வழக்கு இது: கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவை, கப்பலில் சரக்கு வைத்திருக்கும் எல்லாரும் தங்கள் சரக்கின் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் பெட்டிக்கு ஒரு கீறலும் விழாமல் இருக்கலாம். பங்குத் தொகைக்கு உறுதி கொடுத்தால்தான் பெட்டி கைக்கு வரும். நாடு மாறும்போது வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்புகிறவர்கள் கடல் காப்பீடு எடுக்க வேண்டியதன் காரணம் இதுதான். உடைந்துபோகும் கண்ணாடிக்காக மட்டும் அல்ல.

அதே ஆண்டு மே மாதம் கொழும்பு. 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' பெருங்கப்பல் அல்ல; பெருங்கப்பல்களுக்குப் பெட்டி கொண்டுவந்து சேர்க்கும் ஃபீடர் வகை. அதில் இருந்த 1,486 பெட்டிகளில் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிந்தது. வரும் வழியில் கத்தாரின் ஹமத், இந்தியாவின் ஹசீரா ஆகிய துறைமுகங்களில் அந்தப் பெட்டியை இறக்கக் கேட்டும் இடம் கிடைக்கவில்லை. மே 20 அன்று தீப்பற்றியது. ஜூன் 2 அன்று கப்பல் மூழ்கத் தொடங்கியது. டன் கணக்கில் பிளாஸ்டிக் குருணைகள் நீர்கொழும்பு வரை கரையில் வெண்மணல்போல் ஒதுங்கின. மீன்பிடிக்கத் தடை வந்தது. அந்தக் குருணை எங்கிருந்து எங்கே போனது, யாருக்கு லாபம் தந்திருக்கும் என்பது அந்த மீனவருக்குத் தெரியாது. வலை காய்ந்தது மட்டும் அவருடையது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது.

மூன்றாவது, 2024 மார்ச் 26, பால்டிமோர். 300 மீட்டர் நீளமுள்ள 'டாலி' நள்ளிரவுக்குப் பிறகு துறைமுகத்தை விட்டுக் கொழும்பை நோக்கிப் புறப்பட்டது. சிறிது நேரத்தில் மின்சாரம் போனது. பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது; பாலம் சில நொடிகளில் விழுந்தது. சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தனர். பிழைப்புக்காக லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். மின்சாரம் போனதற்குக் காரணம், சரியாகப் பொருந்தாமல் தளர்ந்திருந்த ஒரு கம்பி இணைப்பு என்று அமெரிக்க விசாரணை வாரியம் பின்னர் கண்டது.

கம்பி ஒரு காரணம். அளவு இன்னொரு காரணம். 1977-இல் திறந்த அந்தப் பாலத்தின் மீது 1980-இலும் ஒரு கொள்கலன் கப்பல் மோதியிருக்கிறது. 'புளூ நகோயா' என்று பெயர். அது டாலியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. பாலத்துக்குச் சிறு சேதம்தான். பாலம் மாறவில்லை, ஆறும் மாறவில்லை. அடியில் போன கப்பல் மட்டும் நாற்பது ஆண்டுகளில் பத்து மடங்காகிவிட்டது. அந்த வளர்ச்சிக்கேற்பத் தூண்களைக் காப்பாற்ற யார் செலவழித்திருக்க வேண்டும் என்ற கேள்வியை, பாலம் விழும்வரை யாரும் உரக்கக் கேட்கவில்லை.

டாலியின் மாலுமிகள் 21 பேர்: 20 இந்தியர், ஒருவர் இலங்கையர். கப்பல் மேல் கிடந்த பாலத்தின் இரும்பை மே 13 அன்று வெடிவைத்துத் தகர்த்தபோதும் அவர்கள் கப்பலுக்குள்தான் இருந்தார்கள். கைப்பேசிகளை விசாரணைக்காரர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜூனில்தான் முதலில் சிலர் வீடு திரும்ப முடிந்தது. அதற்கும் முன்பு, கொரோனாக் காலத்தில், 2020 இறுதியில் உலகெங்கும் சுமார் 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பல்களிலேயே இருந்தார்கள். சரக்கு இறங்குவதற்குத் துறைமுகங்கள் திறந்திருந்தன. மனிதர் இறங்கத்தான் அனுமதி இல்லை.

இதையெல்லாம் சொல்வதால் பெருங்கப்பல் வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக லாரியையும் விமானத்தையும் விடக் கப்பல் மிகக் குறைவாகவே எரிக்கிறது. பெட்டி இல்லையென்றால் திருப்பூருக்கும் வேலை இல்லை, டொராண்டோவில் இட்லியும் இல்லை. ஆனால் பெட்டிக்கான செலவு குறைந்தது என்று சொல்லும்போது, அதில் ஒரு பகுதி குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கப்பலின் ஏட்டிலிருந்து அது துறைமுகத்தின் ஏட்டுக்கும், பாலச் சுங்கத்துக்கும், மீனவர் வீட்டுக்கும், மாலுமியின் குடும்பத்துக்கும் போயிருக்கிறது.

விழிஞ்ஞம் திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. 2025 மே 25 அன்று, அங்கிருந்து கொச்சிக்குப் போன 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற பழைய ஃபீடர் கப்பல் கேரளக் கடலில் 640 பெட்டிகளோடு மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டார்கள். பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்தன. இனி நம் கரைகளில் புதுத் துறைமுகம் ஒன்று அறிவிக்கப்படும்போது, எத்தனை லட்சம் பெட்டி, எத்தனை ஆயிரம் கோடி என்ற விளம்பரம் முதல் பக்கத்தில் வரும். கசியும் பெட்டியோடு ஒரு கப்பல் கதவைத் தட்டினால் இறக்கிவைக்க அங்கே இடம் உண்டா, கடலில் தீப்பிடித்தால் அணைக்கப் படகு உண்டா, மீனவருக்கு இழப்பீடு எத்தனை மாதத்தில் என்ற மூன்று கேள்விகளையும் அதே பக்கத்தில் யாராவது கேட்க வேண்டும். அந்தப் பெட்டியில் வருவதை உண்கிறவர்கள் என்ற முறையில், கேட்க நமக்கும் உரிமை உண்டு.